எல்லையில் தங்கிவிட்ட காகிதங்கள்

களியக்காவிளைச் சந்தையைத் தாண்டினால் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. பேச்சு மாறுவதில்லை. வாழைக்குலைக்குப் பேரம் பேசுகிறவர் எந்த மாநிலத்துக்காரர் என்பதை அவர் வாயைக் கொண்டு சொல்லிவிட முடியாது. கொரோனா நாட்களில் குறுக்குச் சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தபோதுதான் இங்கே பல பேருக்கு எல்லை தங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே சரியாகப் புலப்பட்டது.

அந்தக் கோட்டுக்கு மேற்கே, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வயது எண்பத்தைந்தை எட்டுகிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். நாப்தலின் உருண்டை வாசனையும், அதையும் மீறிக்கொண்டு மழைக்கால ஈர வாசனையும். உள்ளே கரம் கட்டிய ரசீதுகள், 1109 மேடம் என்று தேதியிட்ட ஓர் ஆதாரம், தேவாலய விழா நோட்டீஸ், கல்யாணக் கடிதங்கள், தமிழில் எழுதிய பள்ளிச் சான்றிதழ், பொதுக்கூட்ட அழைப்புகள். எல்லாவற்றுக்கும் அடியில், சணல் கயிற்றால் கட்டிய பத்திரிகை நறுக்குகள். பெரும்பாலானவற்றை வெட்டி வைத்தவர் அவருடைய அண்ணன்; அவர் இப்போது இல்லை.

"எக்க பேரனுக்குத் தமிழு கேட்டா மனசிலாவும் சாறே, வாசிக்கத் தெரியாது. நான் கண்ண மூடினா இது சாக்குல கெட்டி ஆக்ரிக்காரனுக்குப் போவும்" என்றார். ஆக்ரிக்காரன் என்றால் நம்மூர்ப் பழைய பேப்பர்காரர். கோபமாகச் சொல்லவில்லை. பேரன் கெட்டிக்காரன், திருவனந்தபுரத்தில் படிக்கிறான் என்பதில் அவருக்குப் பெருமைதான்.

பழைய காகிதத்தைச் சேர்த்து வைக்கிறவர்களை வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அவர்களுடைய மூட்டைதான். ஆனால் இந்தப் பகுதியின் கதை வேறு. இங்கே நடந்தவற்றில் பாதிக்கு வேறு சாட்சி கிடையாது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய திருவிதாங்கூரில் தமிழர் கணிசமாக வாழ்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றையும், கொச்சிப் பக்கத்துச் சித்தூரையும் சேர்த்து ஒன்பது தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. முன்னணியில் நின்றவர் மார்ஷல் நேசமணி. 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு கமிஷனில் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்று மூன்று பேர். பணிக்கர் மலையாளி என்பதை இந்தப் பக்கத்துத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. 1955 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1-ல் தென்கோடி நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. மீதியெல்லாம் கேரளத்தில் நின்றன. நெய்யாற்றின்கரை தாலுகாவும், அதற்குள் பாறசாலையும் அப்படி நின்றவைதான்.

நின்றுபோன இடத்தின் கதை யாருக்குச் சொந்தம்? குமரி மாவட்ட வரலாறு எழுதுகிறவர்கள் களியக்காவிளையோடு பேனாவை மூடி விடுகிறார்கள். கேரள வரலாறு எழுதுகிறவர்களுக்கு நெய்யாற்றின்கரை என்றால் மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவும், நாராயண குரு 1888-ல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே நாராயண குரு தமிழிலும் பதிகங்கள் பாடியவர் என்பது அங்கே அபூர்வமாகத்தான் நினைவுக்கு வருகிறது. நாமும் அதைச் சொல்லி வைக்கவில்லை.

சான்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் ஆட்சியே ராஜினாமா செய்ய வேண்டும் என்று சிறையிலிருந்தபடி கேட்டார். கட்சியே அதனால் உடைந்தது. தேசிய அரசியலையே உலுக்கிய சம்பவம். அதில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறும். எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த, ஆயிரம் பேர் கண்ணால் கண்ட நிகழ்ச்சிக்கு இந்த நிலை.

தேவிகுளம், பீர்மேடு பற்றி "குளமாவது மேடாவது" என்று காமராஜர் சொன்னதாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில் வந்தது என்று நான் கேட்ட நான்கைந்து பேச்சாளர்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "அதெல்லாம் ஊருக்கே தெரிந்தது" என்றார். சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆசிரியரின் அண்ணனைப் போல யாரோ ஒருவர் அன்றைய தினசரியை வெட்டி, ஓரத்தில் தேதி குறித்து வைத்திருந்தால் விவகாரம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

அந்த நாளைய தினசரி என்றால் எது? தமிழ்ப் பத்திரிகை என்றால் சென்னை, மதுரை என்றுதான் நமக்குத் தோன்றும். தினமலர் 1951 செப்டம்பர் 6-ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில். தி.வே. ராமசுப்பையர் அதை அங்கே தொடங்கியதற்குத் திருவிதாங்கூர்த் தமிழர் பிரச்சினையும் ஒரு காரணம். இணைப்பு முடிந்த பிறகு 1957-ல் பத்திரிகை திருநெல்வேலிக்கு இடம் மாறியது. போராட்டம் நடந்த ஆண்டுகளில் ஒரே நகரத்திலிருந்து ஒரு தமிழ்த் தினசரியும் கேரள கௌமுதி போன்ற மலையாளத் தினசரிகளும் ஒரே சம்பவத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உண்மை எங்கேயோ நடுவில் தட்டுப்படும். தமிழ் நறுக்கை மட்டும் சேர்த்தால் அது வழக்குக்கட்டு; மலையாளத்தை மட்டும் சேர்த்தாலும் அப்படித்தான். என் ஆசிரியர் பெட்டியில் இரண்டும் இருந்தன. அவர் அண்ணன் என்னைவிட விவரமானவர்.

இன்னொரு பத்திரிகைக் கதையும் இந்த மண்ணுடையதுதான். நெய்யாற்றின்கரைக்காரரான ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய 'சுவதேசாபிமானி'யின் ஆசிரியர். திவானை விடாமல் தாக்கி எழுதினார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியரை நாடு கடத்தினார்கள். எங்கே கொண்டு விட்டார்கள்? ஆரல்வாய்மொழியைக் கடந்து திருநெல்வேலியில். அன்றைக்குத் தேசத்தின் வாசல் ஆரல்வாய்மொழி. இன்று அது தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு ஊர். அச்சகத்தைப் பூட்டலாம், ஆசிரியரை வண்டியில் ஏற்றலாம். வாசகன் வீட்டு மச்சில் மடித்துக் கிடக்கும் பிரதியை எந்தத் திவானாலும் தேடிப் பிடிக்க முடிந்ததில்லை.

காகிதங்கள் எங்கெங்கோ போய்க் கிடக்கின்றன. பாறசாலை 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனின் நிலையங்களில் ஒன்று. தோள்சீலைக் கலவரங்கள் கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை என்று பரவி, 1859 ஜூலையில் மகாராஜாவின் பிரகடனம் வரும்வரை ஓயவில்லை. அந்த ஆண்டுகளில் பாதிரிமார் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அட்டைப்பெட்டி, பட்டியல் எண், குளிரூட்டிய அறை. பாறசாலைக்காரர் தம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சண்டையைப் பற்றிப் படிக்க விமானம் ஏற வேண்டும். நம்மவர்கள் வைத்திருந்தால் இவ்வளவு நாள் இருந்திருக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குப் பிடிக்காத கேள்வி, பதில் தெரிந்த கேள்வியும்கூட.

அதற்காக நம்மிடம் எதுவும் தங்கவில்லை என்று சொல்ல முடியாது. முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரம் கோயிலைப் பற்றிய கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, கோயில் கட்டி, தொண்ணூற்றைந்து மாணவருக்கு ஒரு சாலையும் வைத்த கணக்கு அது. அந்தச் செப்பேடு கிடைத்தது திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில். அதனால்தான் 'ஹஜூர் அலுவலகச் செப்பேடு' என்றே அதற்குப் பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிலப் பத்திரம், அரசாங்க அலுவலகத்தில்! செம்பு என்பதால் தப்பித்தது. கோபிநாத ராவ் அதைப் படித்து 'திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை'யில் அச்சேற்றினார். நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் குழந்தைப் பாடல்களுக்காக நினைவு வைத்திருக்கிறோம். அவர் ஆண்டுக்கணக்கில் கல்வெட்டுகளைத் தேடி அலைந்தவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி ஆராய்ச்சி எழுதியவர். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைப் பிரதியெடுத்து உலகுக்குக் காட்டியவரும் அவரே. பிறகு அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று தொகுத்தார். ஒரு வீட்டுக்காரர்கள் எறியாமல் வைத்திருந்த ஓலைகள் அவை. அடிமை விற்பனை உள்பட, சரித்திர ஆசிரியர்கள் நாசூக்காகத் தாண்டிப் போகும் விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன.

இதையெல்லாம் கடந்த காலத்தின் மேல் உள்ள ஆசை என்று ஒதுக்குகிறவர்கள் நெய்யாற்றுத் தண்ணீர் வழக்கைப் பார்க்கலாம். நெய்யாறு பாசனத் திட்டம் வகுக்கப்பட்டபோது அணையும் வயலும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தர வேண்டும். 1956-ல் கோடு குறுக்கே விழுந்தது. அணை கேரளத்தில், வயல் தமிழ்நாட்டில். ஆனாலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004-ல் கேரளம் நிறுத்திவிட்டது. நெய்யாறு இரு மாநில நதியே அல்ல என்கிறது அது. தமிழ்நாடு 2012-ல் உச்ச நீதிமன்றம் போனது. இந்த வழக்கில் மேடைப் பேச்சு எடுபடாது. திட்ட அறிக்கையில் என்ன எழுதியிருந்தது, ஆயக்கட்டு எவ்வளவு என்று குறித்தார்கள், கால்வாய் திறந்தபோது என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது. விளவங்கோட்டு விவசாயி ஒருவர் வீட்டில் அந்தக் காலத்துத் தண்ணீர்த் தீர்வை ரசீது இருந்தால், அதற்கு இன்று விலை உண்டு.

இனி, இந்தக் காகிதங்களுக்கு வந்திருக்கும் உண்மையான ஆபத்து. கரையானும் இராமபாணப் பூச்சியும் எப்போதும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் காகிதம் பிழைப்பதே பெரிய காரியம். அதைவிடப் பெரிய ஆபத்து எழுத்து. திருவிதாங்கூர் அரசின் ஆட்சிமொழி மலையாளமாக இருந்ததால், 1956-க்கு முந்திய பத்திரங்களும் செட்டில்மென்ட் பதிவேடுகளும் ஏராளமாக மலையாளத்தில் இருக்கின்றன. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் தாத்தாவின் ஆதாரத்தைப் படிக்க ஆள் தேட வேண்டும். 1109 மேடம் என்றால் கொல்லம் ஆண்டு. அது 1934 ஏப்ரல், மே என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பார்வத்தியக்காரர் என்றால் பகுதிக் கச்சேரி அதிகாரி என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தப் பக்கம் பாறசாலையில் தமிழ்க் காகிதம் இருக்கிறது, படிக்கப் பேரன் இல்லை. இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் மலையாளக் காகிதம் இருக்கிறது, படிக்கப் பேரன் இல்லை. மக்களையும் மண்ணையும் கோடு போட்டுப் பிரித்தவர்கள் காகிதத்தை மட்டும் தவறான பக்கத்தில் விட்டுவிட்டார்கள். இரண்டு எழுத்தும் தெரிந்த கடைசித் தலைமுறைக்கு இன்று எண்பது வயது.

ஆகவே பெட்டியை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைப்பதால் மட்டும் பயன் இல்லை. பெட்டிக்காரர் உயிரோடு இருக்கும்போதே அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு துண்டும் என்ன, யார், எந்த ஊர் என்று எழுதி வாங்க வேண்டும். செல்போனில் குரலைப் பதிவு செய்துகொண்டாலும் போதும். ரோஜா முத்தையா கோட்டையூரில் தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் அவர் 1992-ல் மறைந்த பிறகு சிதறாமல் தப்பியது, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியதால். எல்லாப் பெட்டிக்கும் சிகாகோ வராது.

கேரளத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் பயனாக அங்கே கிராமந்தோறும் வாசகசாலை. 1996-ல் மக்கள் திட்டம் வந்தபோது பஞ்சாயத்துகள் தங்கள் வளர்ச்சி அறிக்கையில் உள்ளூர்ச் சரித்திரத்துக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கின. தமிழ்நாட்டில் நாம் அப்படி ஒன்று செய்ததில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லைக் கிராமத்து வாசகசாலை ஒன்று ஒரே ஒரு அலமாரியை ஒதுக்கி, இரண்டு மொழி நறுக்குகளையும் தேதிவாரியாக வைத்தால் யாருடைய மொழிப்பற்றும் குறைந்துவிடாது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. அப்படி எழுதிய மனுக்களும் வந்த பதில்களும் எத்தனை? அவற்றின் நகல்களும் அந்த அலமாரிக்குப் போக வேண்டியவைதான்.

செய்முறையில் சில எச்சரிக்கைகள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை காய்ந்து பழுப்புப் பட்டையாகிவிடும். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் இந்த ஊர் ஈரத்தில் துருவாய்க் கரையும். லாமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, தானாகவே பழுத்து நொறுங்கும். நல்ல தாளில் ஜெராக்ஸோ ஸ்கேனோ எடுத்துவிட வேண்டும். முக்கியமானது, பத்திரிகைப் பெயரையும் தேதியையும் பென்சிலில் ஓரத்தில் குறிப்பது. ஆசிரியரின் அண்ணன் எல்லாம் சரியாகச் செய்தவர், இதில் மட்டும் கோட்டை விட்டார். செய்தியைச் சுற்றி அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருக்கிறார், தேதி கத்தரிக்கு வெளியே போய்விட்டது.

அப்படி ஒரு துண்டு. மாநிலச் சீரமைப்பு மசோதாவைப் பற்றியது. எந்த மாதம் என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வரிசை வரிசையாக எண்கள், பரீட்சை முடிவு. அப்போது அதெல்லாம் பத்திரிகையில்தான் வரும்.

"அந்த வருஷம் நான் பரீட்சை எழுதினேன்லா" என்றார் ஆசிரியர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூன்றாவது வரிசையில் ஓர் எண்ணின் கீழே நகத்தை வைத்தார். அதன் அடியில் மங்கிப்போன மசிக்கோடு ஒன்று இருந்தது.

"அண்ணன் வெட்டினது அந்தப் பக்கத்துக்காவ. நான் களையாம வெச்சிருக்கது இந்தப் பக்கத்துக்காவ."

பென்சில் எடுத்து ஓரத்தில் 1956 என்று எழுதினார். பத்திரிகைப் பெயர் இன்னும் தெரியவில்லை.